நாற்பதாயிரம் லிட்டர் குடித்த வார்டன்

உலகத்துப் பொருளாதார மேதைகள் எல்லாரும் பற்றாக்குறையை ஆராய்ந்தார்கள். நம் துணைவேந்தர் ஒருவர்தான் அதை ஒழித்தார். அதுவும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல்.

முப்பது வருடம் சந்தைப் பொருளாதாரம் கற்பித்தவர். சந்தைப் பக்கம் போனதில்லை. நடுவில் ஒரு வங்கிக்கு ஆலோசனை சொன்னார். அந்த வங்கி இன்று இல்லை, அவர் இருக்கிறார். படிப்பு என்றால் அதுதான்.

அந்த மகத்தான சாதனையைக் கிட்டே நின்று பார்க்கும் பாக்கியம் மாணவியர் விடுதி வார்டன் அம்மாளுக்கு வாய்த்தது. விடுதி மோட்டார் புகைந்து மூன்று நாளாகியிருந்தது. நானூறு பெண்கள், மறுநாள் தேர்வு. மேல்தொட்டியிலோ ஒரு செத்த பல்லி. வார்டன் ஆட்சிக்குழுக் கூட்டத்துக்கே போய் நின்றார்.

"சார், புது மோட்டாருக்கு ஒரு கையெழுத்து. புள்ளைங்களுக்கு வாய் நனைக்கக்கூடத் தண்ணி இல்ல."

துணைவேந்தர் கண்ணை மூடினார். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் எதையும் முடிவு செய்ததில்லை.

"தண்ணி இருக்குன்னு வெச்சுக்குவோம்."

"இல்லையே சார்!"

"அதனாலதாம்மா வெச்சுக்குவோம்னு சொல்றேன். இருந்தா எதுக்கு வெச்சுக்கணும்?"

குழு மேசையைத் தட்டி ஆமோதித்தது. 'தொட்டியில் நாற்பதாயிரம் லிட்டர் நீர் உள்ளது' என்று பதிவாளர் நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றினார். மோட்டார் கோப்பு 'தேவை எழவில்லை' என்று மூடப்பட்டது.

மறுநாள் தேர்வுக்கூடத்தில் பதினோரு பெண்கள் தாகத்தில் சுருண்டு விழுந்தார்கள். உடனே விசாரணை. பல்கலைக்கழகம் நியாயத்துக்குப் பேர்போனது. அரைமணியில் குற்றவாளியைப் பிடித்துவிட்டது. பதிவாளர் வார்டனிடம் மெமோவை நீட்டினார்.

"குறிப்புல தண்ணி இருக்கு, தொட்டியில இல்ல. நடுவுல இருந்தது நீங்கதான். எங்கம்மா போச்சு?"

"நீங்க தொட்டியில ஏறிப் பாத்தீங்களா?"

"குறிப்பப் பாத்தேன். அதுக்கு ஏணி வேணாம்."

"இல்லாத தண்ணிக்கு நான் என்னய்யா பதில் எழுதறது?"

"இல்லைன்னு எழுதினா துணைவேந்தர் பொய் சொன்னதா ஆயிடும், உங்க வேலை போயிடும். வேற ஏதாவது எழுதுங்க."

ஓய்வுக்கு இரண்டு வருடம் பாக்கி. வீட்டில் கணவர் படுத்த படுக்கை. வார்டன் பேனாவைப் பிடுங்கி எழுதினார்.

"நானே குடிச்சுட்டேன். ஒரே மூச்சுல. போதுமா?"

பதிவாளர் முகம் மலர்ந்தது. "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா!"

வாக்குமூலத்தைப் படித்த துணைவேந்தர் வார்டனைத் தண்டிக்கவில்லை. பெருந்தன்மை! சராசரி மட்டும் போட்டார். விடுதியில் தலைக்கு ஒரே நாளில் நூறு லிட்டர் குடிநீர். உலகில் வேறெங்கும் இல்லாத செழிப்பு. கட்டுரை வெளிவந்தது, விருது வந்தது, பின்னாலேயே நாட்டின் திட்டக்குழுத் தலைவர் பதவியும் வந்தது.

வழியனுப்பு விழா முடிந்ததும் வார்டன் மறுபடி மோட்டார் மனுவோடு பதிவாளரிடம் போனார்.

"ஏம்மா," பதிவாளர் மூக்குக்கண்ணாடியை இறக்கினார், "அவ்வளவு குடிச்சும் அடங்கலையா?"

வார்டனின் நாக்கு காய்ந்து அண்ணத்தில் ஒட்டியிருந்தது.

அந்த மேதை பதவியேற்ற நாள் முதல் நாட்டில் பற்றாக்குறை என்ற பேச்சே கிடையாது. பேராசைக்காரர்கள்தான் பெருகிவிட்டார்கள்.