ஒற்றைக்கால் பறவைக்கு ஒரு சாட்சி

நெல்லித்தோப்பு,
16.12.2006

பெருமதிப்பிற்குரிய மச்சான் ராஜவேல் அவர்களுக்கு,

புருஷோத்தமன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை அமுதவல்லியும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை. காலாப்பட்டில் தாங்களும் அக்காவும் நலமென்று நம்புகிறேன். போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். தங்கள் செல்போனுக்கும் எனக்கும் உள்ள உறவு தாங்கள் அறிந்ததே.

இது குடும்ப விஷயம் இல்லை, ஒரு பறவை விஷயம். போன ஜனவரியில், பொங்கல் சீர் கொண்டுவந்த தங்களை எங்கள் ஓய்வுபெற்றோர் இயற்கை வட்டத்தோடு ஊசுட்டேரிக்கு அழைத்துப் போனேன் அல்லவா, அன்று கரையோரச் சேற்றில் ஒரு கருவால் மூக்கன் நின்றது. குளிருக்குப் பயந்து எங்கோ வடக்கே இருந்து வரும், நீள மூக்குப் பறவை. "மாப்ள, அதுக்கு ஒரு காலுதான் இருக்குது, நொண்டி நொண்டிப் போவுது பாருங்க" என்று முதலில் காட்டியது தாங்கள்தான். பைனாகுலரைப் பிடுங்கி நானும் பார்த்தேன். ஒரே கால். அடுத்த நிமிடம் தங்கள் சட்டைப்பையில் செல்போன் குழந்தை மாதிரி கெக்கெக்கே என்று சிரித்தது, ஏரியில் இருந்த அத்தனை பறவையும் எழும்பிப் போனது, நான் பதினோரு பேர் முன்னால் "மில்லா இருந்தா உங்கள கேட்டுக்கு வெளியவே நிறுத்தியிருப்பேன்" என்று சொன்னேன், தாங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டீர்கள். அதைப் பற்றிப் பேச நான் இதை எழுதவில்லை.

நான் எழுதுவது என்னவென்றால், அந்தப் பறவை திரும்பி வந்திருக்கிறது. போன ஞாயிறு அதே இடம், அதே சேறு, அதே ஒற்றைக்கால். எனக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. ஆயிரக்கணக்கான மைல் போய்விட்டு, நம் ஊசுட்டேரியில் அதே பத்தடி சேற்றுக்கு எப்படி வந்தது, வழி யார் சொன்னது, தரை இறங்கும்போது ஒரு காலால் எப்படி ஊன்றியது? தறிக்காரன் தன் தறிக்கே வந்து நிற்பதுபோல அதற்கும் ஒரு இடம் உண்டா? உங்கள் தங்கையிடம் கேட்டேன். "அதுக்காவது வந்த வழி ஞாபகம் இருக்குதே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எங்கள் தலைவர் கிருஷ்ணசாமி, பிரெஞ்சுப் பள்ளியில் டிராயிங் வாத்தியாராக இருந்தவர்; யாரையும் 'ஐயா' என்பதற்குப் பதில் 'முசியே' என்றுதான் கூப்பிடுவார். பறவை நோட்டில் எதை ஏற்றினாலும், கண்ணால் கண்ட இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்பது அவர் சட்டம். "சில பறவ ஒத்தக்கால்ல நிக்கும் முசியே" என்றார். நிற்பது வேறு, நொண்டிப் போவது வேறு என்றேன். "ஜனவரில பாத்த ரெண்டாவது ஆள் யாரு?" என்றார். கையெழுத்துப் போடாமல் பஸ் ஏறிய ஆளை நான் என்ன சொல்வது? பக்கத்தில் இருந்த எங்கள் வட்டத்து இராமதாஸ், பார்க்காமலே "நான் போடறேன், குடு" என்று பேனாவைத் திறந்தார். மில்லில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக இருந்து, ஒருத்தனுக்காக இன்னொருத்தன் வருகை டோக்கன் போடுவதைப் பிடித்தவன் நான். வட்டத்தின் வருகைப் பதிவேடும் இன்று என் கையில்தான் இருக்கிறது. பேனாவை வாங்கி மூடிவிட்டேன்.

ஆகவே மச்சான், அந்தப் பறவைக்கு இந்தப் பூமியில் தாங்கள் ஒருவர்தான் சாட்சி. பொங்கலுக்கு முன்பு ஒரு ஞாயிறு வந்து, பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகவும். வீட்டுக்கு வரவேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. தீபாவளியன்று பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் உங்கள் தங்கை வாசலுக்கு வந்து பார்த்தாள் என்பதை ஒரு தகவலாக மட்டும் தெரிவிக்கிறேன். அக்காவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
புருஷோத்தமன்

பின்குறிப்பு: இன்று ஞாயிறு. கடிதத்தை ஒட்டுமுன் ஏரிக்குப் போய், ஏழு மணி முதல் ஒன்பது வரை அந்தப் பறவையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. நாலு தடவை நொண்டிப் போனது. பிறகு வயிற்று இறகுக்குள்ளிருந்து இன்னொரு காலை நிதானமாக எடுத்துக் கீழே வைத்து, இரண்டு காலிலும் நடந்து போனது. பக்கத்தில் இன்னும் மூன்று பறவை ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டிருந்தன. கிருஷ்ணசாமி எனக்கு ஒரு இட்லி கொடுத்தார்.

எனவே தங்கள் கையெழுத்து தேவையில்லை. ஜனவரியில் பார்த்த பறவைதான் வந்ததா என்பதும் யாருக்கும் தெரியாது. ஆனாலும் நீங்க வரணும் மச்சான். அன்னைக்கு நான் பேசுனது தப்பு. அந்தச் சிரிக்கிற போனையும் எடுத்துட்டு வாங்க. விருந்தாளி என்று பதிவேட்டில் ஜனவரியில் எழுதிய உங்கள் பெயருக்கு நேரே பதினோரு மாதமாகக் கட்டம் காலியாக இருக்கிறது. வராத ஆளுக்கு ஆப்சென்ட் போடாமல் நான் விட்டது என் சர்வீஸில் இதுதான் முதல் தடவை.