லேப்டாப்புக்கு நெற்றி எது?

மைசூர் மைன்ஸ்,
கோலார் தங்க வயல்.
28 அக்டோபர் 2001, ஞாயிறு

கணினி இதழின் கேள்வி-பதில் ஆசிரியர் அய்யா அவர்களுக்கு, உங்கள் பதில்களைப் படித்துப் படித்தே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்ட ஷில்பா பணிவோடு எழுதுவது. இங்கே நான், நைனா, அம்மா, அண்ணன், அண்ணனுடைய ஆபீஸ் லேப்டாப் எல்லோரும் சௌக்கியம். அங்கே நீங்களும் உங்கள் கம்ப்யூட்டரும் சௌக்கியமா? ஈமெயிலே அனுப்பியிருப்பேன் (எனக்கு மூன்று ஐடி இருக்கிறது), ஆனால் என் தமிழ் உங்கள் பக்கம் கட்டம் கட்டமாக வந்து நிற்குமோ என்ற பயத்தில் தபால். இந்தக் கடிதத்தை முழுப் பக்கத்தில், என் பெயரோடு, போட்டோவோடு போட வேண்டும். போட்டோ வைத்திருக்கிறேன். இடது பக்கம் இருப்பது நான், வலது பக்கம் ப்ரௌசிங் சென்டர் மானிட்டர்.

அண்ணன் பவன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து இப்போதுதான் ஒரு மாசம், இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஆயுத பூஜை லீவுக்கு வரும்போது மேனேஜரைக் கெஞ்சி லேப்டாப்பைக் கொண்டு வந்தான். நாளை, திங்கள்கிழமை, அதைத் திறந்து ஒரு பெரிய கஸ்டமருக்குக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வேலை போச்சு. அப்படிப்பட்டதை நைனாவின் ஸ்பேனருக்கும் அம்மாவின் தையல் மெஷினுக்கும் நடுவில் அவனேதான் பெருமையாகத் திறந்து வைத்தான். சந்தனக் கிண்ணத்தோடு வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாடா பவனு, இதுக்கு நெத்தி எது?"

"ஸ்க்ரீன்ல மட்டும் வெக்காதம்மா!"

"அதான்டா மூஞ்சி. மூஞ்சில வெக்காம முதுகுலயா வெப்பாங்க?"

"கண்ணுக்குக் கீழ, பல்லுக்கு மேல வை. மூக்குன்னு நெனச்சிக்கோ" என்று நைனா தீர்ப்பு சொன்னார். பல் என்றது கீபோர்டை. திரையும் கீபோர்டும் சேர்கிற இடத்தில் அம்மா தாராளமாக அப்பினாள், ஆரத்தி ஆனது, பவன் மூடி வைத்தான்.

மறுநாள் திறந்தால் பச்சை லைட் எரிகிறது, உள்ளே ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கும்மிருட்டு! பவன் பாயில் விழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான், "இன்னா மூஞ்சிய வெச்சிகினு ஆபீஸ் போவேன்" என்று அழுகை, அம்மா எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள், அதற்குள் எங்கள் லைன் வீடுகள் முழுக்க செய்தி பரவி ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்து "நேத்து நல்லாத்தான இருந்துச்சி?" என்று துக்கம் விசாரித்தார்கள், ரேடியோ ரிப்பேர் செய்கிற பக்கத்து வீட்டு பர்னபாஸ் அங்கிள் "சைடுல ஒரு தட்டு தட்னா வந்துரும் தம்பி" என்று கையை ஓங்க, பவன் லேப்டாப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு "கிட்ட வராதீங்க அங்கிள்!" என்று கத்தினான். நான் வெளிச்சத்தைக் கூட்டுகிற கீயை அழுத்தினேன், பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், எதற்கும் அசையவில்லை. கடைசியில் உங்கள் மே மாத இதழை எடுத்தேன். "திரை இருண்டால் திரை போய்விட்டது, புதிதாக மாற்றவும்" என்று எழுதியிருந்தீர்கள். அய்யா, உங்கள் மேல் எவ்வளவு மரியாதை இருந்தாலும் சொல்கிறேன், அந்தப் பதில் தப்பு. நான் மன்னித்துவிட்டேன்.

எப்படியென்றால், நேற்று சாயங்காலம் கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. நைனா ரிடையர் ஆனபோது கேட்டு வாங்கி வந்த, சுரங்கத்தில் தலையில் மாட்டும் லைட்டை மாட்டிக்கொண்டு தீப்பெட்டி தேடினார். தேடியவர் லேப்டாப் பக்கம் குனிந்து அப்படியே நின்றார்.

"ஏ ஷில்பா, ஓடியா! உள்ள ஆள் கீது!"

"இன்னா நைனா, சுரங்க ஷாஃப்டுல எட்டிப் பாக்குற மாதிரி சொல்ற?"

"அட பாரேன், குப்பத்தொட்டி ஒண்ணு தெரியுது!"

பார்த்தேன். வெளிச்சம் சாய்வாக விழுந்த இடத்தில், மங்கலாக, ரீசைக்கிள் பின்! படம் இருக்கிறது, வெளிச்சம்தான் இல்லை! மூடினால் திரை லைட் அணைகிறது, திறந்தால் எரிகிறது, அப்படியானால் மூடியது லேப்டாப்புக்கு எப்படித் தெரியும்? "நைனா, தலைய ஆட்டாத!" என்று அவர் தலையைப் பிடித்து கீல் பக்கம் திருப்பினேன். அங்கே அரிசி அளவு ஒரு பொத்தான், மூடியபோது அமுங்கினது, மேலே காய்ந்த சந்தனத்தில் ஒட்டி எழுந்திருக்கவே இல்லை. பாவம், அது இன்னும் மூடித்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது! லேப்டாப்பை அணைத்துவிட்டு ஈர்க்குச்சியால் சுரண்டினேன். டிக்! மறுபடி போட்டதும் திரை பளிச்! வீடே கத்தியது, பவன் என்னைத் தூக்கிச் சுற்றி நைனாவின் லைட்டில் இடித்தான், அம்மா மட்டும் "மூக்க அடைச்சா யாருக்குத்தான் மூச்சு வரும்" என்று நைனாவை முறைத்தாள்.

எனவே, திரை இருண்டால் முதலில் டார்ச் அடித்துப் பார்க்கவும் என்று தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் என் பெயரில் அறிவிக்கவும். உங்கள் மவுஸ் உருண்டை அழுக்குப் படாமல் உருளட்டும், வைரஸ் உங்கள் வாசல் மிதிக்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பரம ரசிகை,
ச. ஷில்பா

பி.கு.: தபாலில் போடுவதற்குள் திங்கள்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது. அய்யா, மேலே உள்ள எதையும் போடாதீர்கள்! முக்கியமாக என் பெயரை! பவன் இப்போதுதான் பர்னபாஸ் அங்கிள் வீட்டுக்கு போன் பண்ணினான். கஸ்டமருக்குப் பிடித்துவிட்டது, வேலை நிரந்தரம். ஆனால் சந்தோஷத்தில் "லேப்டாப் கெட்டுச்சு சார், நானே ரிப்பேர் பண்ணேன்" என்று மேனேஜரிடம் அளந்துவிட்டிருக்கிறான், அவர் ஆபீஸில் செத்துக் கிடந்த லேப்டாப்பை எல்லாம் இவன் தலையில் கட்டிவிட்டார். "நீதான்டி காப்பாத்தணும், எங்க மேனேஜர் நீ எழுதிப் போடுற அந்த கம்ப்யூட்டர் புக்கு படிக்கிறாரு" என்று அழுகிறான். ரயிலில் மூன்றை எடுத்துக்கொண்டு வருகிறான். ஒன்றில் டீ கொட்டியிருக்கிறதாம், ஒன்று விசில் அடிக்கிறதாம், மூன்றாவதுக்கு என்ன வியாதி என்று யாருக்கும் தெரியாதாம். பாய் விரித்து, அங்கிளின் ஸ்க்ரூடிரைவர்களை அடுக்கி, ரயில் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் அய்யா. மூன்று லேப்டாப்! எனக்கே எனக்கு!