எல்லாரும் நாலு மணிக்கு

கொக்குவிலில் தன்னிடம் படிக்கும் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் விடிய நாலு மணிக்கு எழும்பிப் படிக்கிறார்கள் என்று அறிந்தபோது, கனகலிங்கம் மாஸ்டருக்கு அழுகைதான் வந்தது.

முதுமாணிப் பட்டத்துக்கு அவர் எடுத்த ஆய்வு ‘மாணவரின் கற்கும் பழக்கங்கள்’. வினாக்கொத்துக் கொடுத்து, ஒழுங்காகப் படிப்பவன் யார், ஒப்புக்குப் படிப்பவன் யார் என்று பிரித்துக் காட்ட வேண்டும். காட்டினால் பட்டம், பட்டம் கிடைத்தால் அதிபர் பதவி. இப்போது பிரிப்பதற்கே ஆளில்லை. அதே வகுப்பில் படிக்கும் மனைவியின் தம்பி தேவராசாவும் ‘எப்போதும்’ என்றே புள்ளடி போட்டிருந்தான். அவன் படுப்பது இவர் வீட்டில்தான். வெயில் முதுகைச் சுட்டால் புரண்டு படுப்பான், அவ்வளவுதான்.

ஆய்வை மேற்பார்வை செய்யும் கலாநிதி நடராசாவிடம் ஓடினார்.

“புதுசா ஒண்டு செய்யும். செய்து முதல்லை எனக்குக் காட்டும்,” என்றார் கலாநிதி. சலிப்பென்பதே இல்லாத தங்கமான மனுசன்.

இரண்டாவது வினாக்கொத்தில் ‘பெயர் எழுத வேண்டாம்’ என்று போட்டார். பிள்ளைகள் பெயர் எழுதவில்லை, பரீட்சைச் சுட்டெண் எழுதினார்கள். தகப்பன்மார் கீழே கையெழுத்தும் வைத்திருந்தார்கள். நாலு மணி மூன்றரை ஆகியிருந்தது.

“இன்னொண்டு செய்யும்,” என்றார் கலாநிதி, கைகளைத் தேய்த்துக்கொண்டு.

மூன்றாவதில் கனகலிங்கம் கெஞ்சியே விட்டார்: ‘இது சோதனை அல்ல. உங்கள் குறைகளை ஒளிக்காமல் எழுதுங்கள்.’ எழுதினார்கள். வகுப்பு முழுவதும் ஒரே வசனம்: ‘நான் புத்தகத்தைத் தொடுவதேயில்லை.’

தேவராசாவின் காதைப் பிடித்தார்.

“ஆரடா உப்பிடி எழுதச் சொன்னது?”

“விடுங்கோ அத்தான், நோகுது! பக்கத்திலை, திருநெல்வேலியிலை ஒரு ரியூட்டரியிலை உதுக்கு வகுப்பு வைக்கினம். மாதிரி விடையும் தருவினம். எல்லாரும் போகேக்கை நான் மட்டும் போகாமல் பெயிலாகிறதே?”

“உதிலை எப்பிடியடா பெயிலாகிறது? விடிய எத்தினை மணிக்கு எழும்புறனி எண்டுதானே கேட்டனான்!”

“அதுதான் அத்தான் கஷ்டமான கேள்வி.”

கனகலிங்கம் சைக்கிளை எடுத்து மிதித்தார். தன் ஆய்வைக் குழிதோண்டிப் புதைத்தவனைச் சும்மா விடுவதில்லை என்று வழிநெடுகக் கறுவிக்கொண்டு போனார். ரியூட்டரியின் கிடுகுக் கொட்டிலைச் சுற்றிக் கால் வைக்க இடமில்லாமல் சைக்கிள்கள். உள்ளே யாரோ பாடம் நடத்தும் சத்தம் கேட்டது. வாசலில் வரவு பதிந்துகொண்டிருந்த நல்லம்மா என்ற பெண்ணின் முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

“நான் கனகலிங்கம். எங்கை உங்கடை மாஸ்டர்?”

பெயரைக் கேட்டதும் நல்லம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

“வாங்கோ சேர், நாலாவது வினாக்கொத்துக் கொண்டந்தனீங்களோ? அடுத்த வகுப்புக்குப் பெடியளையும் சேர்த்துப்போட்டு, கலாநிதி நடராசா சேர் உங்களைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறார்!”