அவசரம் உண்டெங்கில் இரட்டிக் கூலி

மலையாளம் என்பது தமிழையே கொஞ்சம் மூக்கால் பேசுவது என்று இருபது வயதில் நான் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். (மூணாறில் பிறந்து வளர்ந்தவன் இப்படி நம்பலாமா என்று கேட்காதீர்கள். எங்கள் எஸ்டேட்டில் தேயிலைச் செடிகூடத் தமிழில்தான் தளிர்க்கும்.)

எழுபதுகளில் பெட்ரோல் விலை திடீரென்று ஏறிய சமயம். அரபு நாட்டில் யாரோ யாரோடோ சண்டை போட, எங்கள் ஊர் பங்க்கில் 'ஸ்டாக் இல்லை' என்று அட்டை தொங்கியது. என் அக்காள் வீட்டுக்காரர், அதாவது அத்தான், மூணாறுக்கும் தேவிகுளத்துக்கும் ஜீப் ஓட்டினார். பின்னால் தொங்கிக்கொண்டு ஆள் ஏற்றுவது நான். அந்த ஜீப் ஓடினால்தான் அக்காள் வீட்டில் உலை கொதிக்கும்.

விலை ஏறிய அன்றே அத்தான் கூலியை ஏற்றினார். கொழுந்தெடுக்கும் பாக்கியம் அக்கா ஜீப்பை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்ப்பா, டாங்கில கெடக்கது நேத்து வாங்குன பெட்ரோலு. அதுக்கு இன்னைக்கு வெலையா? கொள்ளையடிக்கியா?"

"நாளைக்குப் பங்க்குக்காரன் எனக்கு நேத்து வெலைக்கு ஊத்துவானாக்கா?" என்றார் அத்தான்.

இரண்டு பேர் பேச்சும் நியாயமாக இருந்ததால் சண்டை தீரவில்லை. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (அது அடிக்கடி நடக்காது. நடந்தால் யாருக்காவது சேதம்.) ஆள் நிறைந்து கிளம்பும் ஜீப்புக்குப் பழைய கூலி. ஆள் சேரும்வரை பொறுக்காமல் உடனே எடுக்கச் சொல்பவருக்கு மட்டும் இரட்டிப்பு. பாக்கியம் அக்காகூட ஒத்துக்கொண்டாள்.

'அவசரம் என்றால் இரட்டைக் கூலி' என்று அட்டையில் தமிழில் எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். தேவிகுளம் ஆபீஸ்காரர்கள் மலையாளிகளாயிற்றே என்று கீழே மலையாள எழுத்தில், 'அவசரம் உண்டெங்கில் இரட்டிக் கூலி' என்று பெரிதாக எழுதி ஜீப்பின் நெற்றியில் கட்டினேன்.

மலையாளத்தில் 'அவசரம்' என்றால் வாய்ப்பு. சந்தர்ப்பம் கிடைத்தால் இரட்டிப்பாகப் பிடுங்குவோம் என்று ஊரறிய அறிவித்துக்கொண்டு எங்கள் ஜீப் தாலூக்கா ஆபீஸ் வாசலில் போய் நின்றது. தட்டுப்பாட்டைச் சாக்காக வைத்துக் காசு பார்ப்பவர்களைப் பிடிக்கவென்றே புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி வாசலில் நின்றிருந்தார். அட்டையை வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

"இது ஆரெழுதியதா?"

"நாந்தான் சார்!" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

"அவசரம் உண்டெங்கில் இரட்டியோ?"

"ஆமா சார். எப்ப அவசரம் வரும்னு பாத்துக்கிட்டேதான் இருப்போம். அதுலயும் ஆஸ்பத்திரிக் கேஸுன்னா ரொம்ப அவசரம் சார்!"

அவர் முகம் மிளகாய்ப் பழமாகிவிட்டது. சந்தர்ப்பவாதி என்பதை அவர் மொழியில், "அவசரவாதி!" என்று கத்தினார்.

"இல்ல சார், நிதானமாத்தான் எழுதுனேன்" என்றேன்.

சாவியைப் பிடுங்கிக்கொண்டு, ஜீப் இனி ஓடாது என்று சொல்லிவிட்டார். அத்தான் முகம் வெளுத்துப்போனது. என்ன தப்பு செய்தேன் என்று தெரியாமலேயே எனக்கு அழுகை முட்டியது. அக்காளிடம் போய் என்ன சொல்வேன்?

பின்சீட்டிலிருந்து பாக்கியம் அக்கா இறங்கி வந்தாள். எங்களைக் கொள்ளைக்காரர்கள் என்ற அதே பாக்கியம் அக்கா.

"சாரே, இவன் கள்ளனல்லா, மண்டனா! எங்க பாஷையில அவசரம்னா தெரக்கு சாரே!" (மண்டன் என்றால் முட்டாள். தெரக்கு என்றால் நம்முடைய அவசரம். எனக்கே பிறகுதான் தெரிந்தது.)

அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். கள்ளனுக்குரிய லட்சணம் ஒன்றும் தென்படவில்லை போலும். மற்றதற்குரிய லட்சணம் நிறையத் தெரிந்திருக்க வேண்டும். விழுந்து விழுந்து சிரித்தார். சாவி திரும்பி வந்தது. ஆனால் யாருக்கும் எந்த மொழியிலும் கூலி ஏற்றக் கூடாது என்று உத்தரவு. அன்றிலிருந்து அத்தான் இறக்கத்திலெல்லாம் எஞ்சினை அணைத்துவிட்டு ஓட்டினார். ஏற்றத்தில் நான் இறங்கித் தள்ளினேன்.

பல வருஷம் கழித்து, என் மனைவிக்குப் பிரசவ வலி வந்தபோது அத்தான் வீட்டுக் கதவைப் போய் இடித்தேன்.

"அத்தான், அவசரம்! வண்டிய எடுங்க!"

மனுஷன் ஓடிவந்து, அவளை ஏற்றி, வண்டியைக் கிளப்பிவிட்டு, நிதானமாக என் பக்கம் திரும்பினார்.

"எந்த பாஷையில மாப்ள?"

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த என் மனைவியும் சிரித்துவிட்டாள்.