பரியாரியாரின் மிஸ்கோல்

தொலைபேசி அடித்தால் நெஞ்சு பதறுகிறவர்கள் ஊரெல்லாம் உண்டு. அடிக்காவிட்டால் பதறுகிற ஒரே மனிதப் பிறவி, நான் அறிந்தவரை, எங்கள் பரியாரியார்தான்.

மருந்து அரைக்கிற பரியாரி என்று நினைத்துவிடாதீர்கள். வேலணையில் ஒரு வீட்டின் முன்னறையில் இயங்கிய எங்கள் கணினிக் கந்தோரில் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொண்டவர். தீவுப் படகுகளில் ஆசனம் பதிகிற செயலி ஒன்றுதான் எங்கள் பிழைப்பு. அது கைவிட்டுப் போனால் எல்லோரும் கொழும்புக்குப் பெட்டி கட்டவேண்டியதுதான். ஆசன விபரமெல்லாம் கிடந்த தரவுத்தளமோ சிங்கப்பூர்ப் பக்கம் எங்கோ ஒரு வாடகைக் கணினியில் இருந்தது. பரியாரியாருக்கு அது நோயாளி. காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சுவர்த் திரைக்குப் போய், அதில் ஓடும் கோடுகளை உற்றுப் பார்ப்பார்.

"நாடி படபடக்குது பிள்ளை. ராத்திரி என்ன குடுத்தனீங்கள்?"

நான் தேத்தண்ணீர் போடப் போய்விடுவேன்.

தரவுத்தளம் தாமதமாகப் பதில் சொல்கிற கேள்விகளையெல்லாம் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் தன் சொந்தக்காரரின் பெயரை வைத்தார். மிக மோசமானதற்குப் பெரிய மாமி என்று பெயர். யாராவது ஒரு ஆசனம் கேட்டால், அது தொடக்கத்திலிருந்து விற்ற ஆசனங்கள் அத்தனையையும் துழாவிவிட்டுத்தான் வாய் திறக்கும். "மாமியும் உப்பிடித்தான். போட்டு வாறன் எண்டு எழும்பினால் படலையடியிலை நிண்டு பழங்கதை முழுக்கச் சொல்லித்தான் போவா" என்றார். ஒரு பகல் முழுக்க இருந்து, துழாவாமல் நேரே எடுக்கும்படி அட்டவணைக்குச் சுட்டி போட்டார். அதன்பிறகு மாமி கண்மூடித் திறக்குமுன் வீட்டுக்குப் போனார்.

இதுவரைக்கும் சந்தோசம். கண்காணிப்பு மணியை அமைத்தபோதுதான் எங்களுக்குச் சனி பிடித்தது.

மற்ற இடங்களில் பிழை வந்தால் மணி அடிக்கும். இவர் மாற்றி அமைத்தார். எல்லாம் சரியாக இருந்தால், மணித்தியாலத்துக்கு ஒருமுறை எங்கள் எல்லோருடைய தொலைபேசியும் ஒரேயொரு தரம் அடித்து ஓயும். அவருடைய ஊரான அல்லைப்பிட்டியில் கடலுக்குப் போகிறவர்கள் வீட்டு வழக்கமாம்.

"தம்பி கரைக்கு வந்ததும் ஒரு மிஸ்கோல் அடிப்பான். எடுக்கக்கூடாது. அடிச்சால் சோத்தைப் போடலாம் எண்டு அர்த்தம்."

ஒரு செத்த வீட்டில், சுண்ணப்பாட்டுப் படிக்கிற நேரம் பார்த்து என் தொலைபேசி அலறியது. பக்கத்திலிருந்த முதியவர், "எடு பிள்ளை, ஆருக்கோ அந்தரம் ஆபத்தாக்கும்" என்றார்.

"அந்தரமில்லை அப்பு. எல்லாம் நல்லா இருக்கெண்டு சொல்ல அடிக்குது" என்றேன்.

சொன்ன பிறகுதான் பிரேதத்துக்கு முன்னால் இருக்கிறோம் என்பது உறைத்தது. அந்த வீட்டார் இன்றைக்கும் என்னைக் கண்டால் மதிலைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள்.

முதலாளி பொறுக்கமாட்டாமல் அவரைக் கூப்பிட்டார். "பிழையெண்டால் அடிக்கட்டும். சரியெண்டாலும் ஏன் காணும் அடிக்குது?"

"மூச்சு நிண்டவன் எப்பிடி சேர் கோல் அடிப்பான்?"

மணி தொடர்ந்து அடித்தது.

தீவுக் கோயில் திருவிழா வந்தது. அன்றைக்குப் பதிவு தடங்கலில்லாமல் நடந்தால் படகுக்காரர் ஒப்பந்தத்தை நீட்டுவார்கள். சறுக்கினால் கந்தோருக்குப் பூட்டு. வேலணை வீதி முழுக்க வாகனம். சனமெல்லாம் கைத்தொலைபேசியும் கையுமாய் ஊர்ந்துகொண்டிருந்தது. நாங்கள் திரைக்கு முன்னால் குந்தியிருந்தோம். கோடுகள் சீராக ஓடின. ஆனால் அடிக்கவேண்டிய நேரத்துக்கு மணி அடிக்கவில்லை.

பரியாரியார் தன் தொலைபேசியைத் தூக்கிப் பார்த்தார். "அடிக்கேல்லை."

"திரையைப் பாருங்கோ அண்ணை, எல்லாம் ஓடுதே" என்றேன்.

"படம் ஓடுதோ, நிண்டுபோய்ச் சும்மா தெரியுதோ, ஆருக்குத் தெரியும்?"

முதலாளி சொன்னார்: "சனம் கூடிப்போச்சு. சிக்னல் இல்லையாக்கும். கொஞ்சம் பொறுமன்."

அந்த வார்த்தை காதில் விழுந்ததுதான் தாமதம், மனிதர் பாய்ந்துபோய் விசைப்பலகையில் இருந்தார். மூலத் தளம் செத்துவிட்டதென்று தானே முடிவுகட்டி, ஆபத்துக்கென்று வைத்திருந்த மாற்றுத் தளத்துக்குப் பதிவையெல்லாம் திருப்பிவிட்டார். மூலத் தளத்துக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. மாற்றுத் தளம்தான் அன்றைய நெரிசலில் பிரதி எடுப்பதில் பின்தங்கிக் கிடந்தது. சற்றுமுன் விற்ற ஆசனங்கள் அதற்குத் தெரியாது. அவற்றைத் திரும்பவும் விற்றுத் தள்ளியது. இறங்குதுறையில் ஒரு ஆசனத்துக்கு இரண்டு குடும்பம், கையில் அருச்சனைத் தட்டு, வாயில் எங்கள் பரம்பரைக்கே அருச்சனை.

சிக்னல்தான் இல்லை. முதலாளி சொன்னது சரி.

ஒப்பந்தம் போயிற்று. அவரை ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று இப்போது படுகிறது. கந்தோரை மூடிக் கதிரைகளை லொறியில் ஏற்றுகிற அன்று, என்னிடம் மட்டும் சொன்னார்.

"தம்பியின்ரை கோல் வராத அண்டைக்கும் வீட்டிலை இதைத்தான் சொன்னவை பிள்ளை. சிக்னல் இல்லையாக்கும், பொறு எண்டு. நான் பொறுத்தனான். சோத்தைப் போட்டுச் சாப்பிட்டும்போட்டன்."

தம்பி திரும்பி வரவேயில்லையாம். அத்தனை காலமும் அந்த மணியைக் கேட்டுச் சிரித்திருக்கிறோமே என்று எனக்குத் தாங்கமுடியாமல் போயிற்று.

நான் இப்போது கொழும்பில். அவர் அல்லைப்பிட்டியில், வீட்டிலிருந்தே ஏதோ வெளிநாட்டுக் கம்பனிக்கு வேலை பார்க்கிறார். வேலை முடிந்து அறைக்குத் திரும்பியதும் அவருக்கு ஒரு மிஸ்கோல் அடிப்பேன். யாரும் சொல்லித் தொடங்கவில்லை. அவர் எடுப்பதுமில்லை.

போன கிழமை பஸ்ஸிலேயே தொலைபேசி செத்துவிட்டது. அறைக்கு வந்து, மின்சாரம் ஏற்றி, உயிர் வந்ததும் அடித்தேன். ஒரு தரம் முழுதாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டார்.

"வந்திட்டீரோ?"

"ஓம் அண்ணை. போனிலை சார்ச் இல்லை."

பானை மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"அப்ப நான் சோத்தைப் போடட்டே?" என்றார்.