வேலை போகப் பாடுபட்டவன்

பகல் பன்னிரண்டரை மணிக்கு ஒரு மனிதர் படுக்கையிலிருந்து எழும்பி வந்து கொட்டாவி விடுவதை யசீகரன் அன்றுதான் வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தான்.

இடுப்பில் பிடிப்பென்று ஒருநாள் லீவு போட்டுவிட்டு, நியூசிலாந்தில், பிளாக்ஹவுஸ் பே வீட்டின் பின்பக்கத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் விநாயகமூர்த்தி அண்ணை சாரம் கட்டியபடி நின்றார். கையில் தேத்தண்ணிக் கோப்பை. அவர் விட்டது சாதாரணக் கொட்டாவி அல்ல. அடுத்து என்ன என்ற கவலை துளியும் இல்லாத, ஆறுதலாகத் தொடங்கி ஆறுதலாக முடிகிற, அரசர்கள் விடுகிற கொட்டாவி.

"அண்ணை, சுகமில்லையோ?"

"ஏன்? நல்லாத்தானே இருக்கிறன்."

"இல்லை, இப்பதான் எழும்பின மாதிரிக் கிடக்கு..."

"இப்பதான் எழும்பினனான்."

"அப்ப வேலை?"

மூர்த்தி அண்ணை ஒரு மிடறு குடித்தார். வானத்தைப் பார்த்தார்.

"தம்பி, நான் ஊரில இறிகேஷன் எஞ்சினியர். எனக்கேற்ற வேலை இஞ்ச வரும் மட்டும் பெனிஃபிட்டில இருக்கிறன். வேலையில்லாத ஆக்களுக்கு அரசாங்கம் குடுக்கிற காசு. வாடகைக்கும் ஏதோ குடுக்கிறாங்கள்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். யசீகரன் நனைந்த சட்டையைப் பிடித்தபடி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். கோயிலில் திரை மூடியபிறகும் கும்பிட்டுக்கொண்டு நிற்பவர்களைப் போல.

அவனுடைய நாள் காலை நாலு மணிக்குத் தொடங்கும். புக்கெகோஹிக்குக் கார் ஓட வேண்டும். அங்கே ஒரு வெங்காய ஷெட். ஓடுகிற பெல்ற்றின் பக்கத்தில் ஐந்து பேர் வரிசையாய் நின்று அழுகல் வெங்காயத்தைப் பொறுக்கி எறிவார்கள். யசீகரன் ஐந்தாவது ஆள். சட்டம் அனுமதிக்கிற ஆகக் குறைந்த சம்பளம். அதில் பாதி பெட்ரோலாகிப் புகையாகிவிடும். வீட்டுக்கு வந்து மகளைத் தூக்கினால் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்பா, யூ ஸ்மெல் லைக் சூப்" என்பாள். எட்டரைக்கெல்லாம் கட்டையைப்போல விழுந்து தூங்கிவிடுவான்.

அன்று சாப்பிடும்போது மனைவி லோஜனாவிடம் மெல்லப் பேச்செடுத்தான்.

"நானும் பெனிஃபிட்டுக்குப் போனால் என்ன?"

"விசரே உங்களுக்கு? கை கால் நல்லாத்தானே இருக்கு?"

"மூர்த்தி அண்ணைக்கும் கை கால் நல்லாத்தான் இருக்கு. அந்த முகத்தைப் பார். என்ன ஒரு அமைதி!"

லோஜனா யோசித்தாள். "அதுவும் உண்மைதான். ஒவ்வொரு நாளும் பொழுதுபட ஒரு பையையும் தோளில போட்டுக்கொண்டு வோக்கிங் போறார். குடுத்து வைச்ச மனிசன்."

அவ்வளவு போதும். அடுத்த நாள் மதிய இடைவேளையில் யசீகரன் பெனிஃபிட் கந்தோருக்குப் போன் எடுத்தான். முக்கால் மணித்தியாலம் பாட்டுக் கேட்டபின் ஒரு பெண் குரல் வந்தது. தேன் குரல்.

"வேலையை நீங்களாக விட்டால் பதின்மூன்று கிழமைக்கு, அதாவது மூன்று மாதத்துக்கு, ஒன்றும் கிடைக்காது" என்றது குரல்.

"அவர்கள் என்னைத் துரத்தினால்?"

"ஒழுங்கீனத்துக்காகத் துரத்தினாலும் அதேதான்."

"அப்படியென்றால் ஒரு மனிதன் என்னதான் செய்வது?"

"உங்கள் பிழை எதுவும் இல்லாமல், அந்த வேலையே இல்லாமல் போகவேண்டும்."

யசீகரன் போனை வைத்துவிட்டு அந்தச் சட்டத்தை எழுதியவர்களை நினைத்து வியந்தான். எத்தனை கெட்டிக்காரர்கள்! ஓட்டை ஒன்றே ஒன்றுதான் விட்டிருக்கிறார்கள். அதுவும் ஊசிக் கண் அளவு.

ஆனால் கண் இருந்தது. அவன் நேரே மேற்பார்வையாளர் செபஸ்ரியனிடம் போனான். மன்னார்க்காரர். பதினெட்டு வருஷமாக அந்த ஷெட்டில் இருப்பவர்.

"சேர், பெல்ற்றில அஞ்சு பேர் தேவையில்லை. நாலு பேர் போதும். நான் நிக்கிற இடம் வீண்."

"என்ன சொல்லுறாய்?"

"நான் இண்டைக்கு முழுக்கத் தள்ளி நிக்கிறன். நீங்களே பாருங்கோ."

பார்த்தார். மாலையில் ஒரு அழுகல்கூடத் தப்பவில்லை. செபஸ்ரியன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"டேய், தன்ர வேலை தேவையில்லையெண்டு தானே வந்து சொன்ன ஒருத்தனை நான் இண்டைக்குத்தான் காணுறன். மாதாவே! உன்னை மாதிரி நேர்மையான ஆள் பெல்ற்றில நிக்கக்கூடாது."

யசீகரனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த திங்களே அவனைப் பெல்ற்றிலிருந்து எடுத்தார்கள். எடுத்து, மற்ற நாலு பேருக்கும் பொறுப்பாளாகப் போட்டார்கள். சம்பளம் மணிக்கு ஐம்பது சதம் கூடியது. பொறுப்பாள் முந்தி வந்து கதவு திறக்க வேண்டும் என்பதால் இனி எழும்புவது மூன்றரைக்கு.

"ஐம்பது சதத்துக்கு அரை மணித்தியால நித்திரை போச்சு" என்றான் லோஜனாவிடம்.

"புரமோஷன் எண்டு நான் சிட்னியில இருக்கிற அக்காவுக்குச் சொல்லிப்போட்டன்" என்றாள் அவள்.

ஒரு ஆளைக் குறைத்தால் போதாது, அந்த வேலையையே வேரோடு பிடுங்கவேண்டும் என்று யசீகரன் முடிவுகட்டினான். மூன்று ஞாயிற்றுக்கிழமை போனைத் தேய்த்ததில், வெங்காயம் பொறுக்குகிற மெஷின் ஒன்று அகப்பட்டது. அதை முதலாளியிடம் காட்டினான். முதலாளி சிவந்த கழுத்துள்ள, அதிகம் பேசாத வெள்ளைக்காரர். படத்தைப் பார்த்தார். இவனைப் பார்த்தார். "நேரில் போய்ப் பார்ப்போம்" என்றார்.

ஹமில்டனில் அதை விற்கிறவர்கள் மெஷினை ஓடவிட்டுக் காட்டினார்கள். வெங்காயங்கள் ஆறுபோல வந்தன. ஒவ்வொன்றும் உருண்டு போகிற கண நேரத்துக்குள் கமராக்கள் அதை முப்பது பக்கத்தாலும் படம் எடுத்தன. அழுகல் என்றால் கீழேயிருந்து 'புஸ்' என்று ஒரு காற்று. அந்த ஒரு வெங்காயம் மட்டும் துள்ளி எழும்பித் தொட்டிக்குள் விழுந்தது. பக்கத்து வெங்காயத்துக்கு விஷயமே தெரியாது. நாலு வருஷம் நின்று நின்று கால் வீங்க இவன் படித்த வித்தையை அது கண் வெட்டுவதற்குள் ஆயிரம் தரம் செய்தது. வெளியே தோலில் ஒரு கீறலும் இல்லாத வெங்காயம் ஒன்றைத் தள்ளியது. யசீகரன் ஓடிப்போய் எடுத்து வெட்டிப் பார்த்தான். உள்ளே கறுப்பு!

"கடவுளே!" என்றான். கண்ணில் நீர் வந்தது. வெங்காயத்தால் என்று சொல்ல முடியாது. அவனுக்கு வெங்காயம் உறைக்காமல் விட்டு இரண்டு வருஷம்.

மெஷின் வந்து இறங்கியது. பொறுக்குகிற வேலை ஒழிந்தது. நாலு பேரையும் உருளைக்கிழங்குப் பக்கம் மாற்றினார்கள். யசீகரன் தன்னுடைய கடிதத்துக்குக் காத்திருந்தான். வெள்ளிக்கிழமை செபஸ்ரியன் ஒரு கடித உறையோடு வந்தார்.

யசீகரன் பிரித்தான். மெஷினுக்குப் பொறுப்பாளராக அவனை நியமித்திருந்தார்கள்.

"ஏன் சேர் நான்?"

"ஹமில்டனில நீ அழுததை முதலாளி கண்டவராம். இந்த மெஷினை இப்படி நேசிக்கிற ஒருத்தனை நியூசிலாந்து முழுக்கத் தேடினாலும் எடுக்கேலாது எண்டார். சனிக்கிழமையும் வரவேணும், சரியே?"

ஒரு பின்னேரம் யசீகரன் வேலிப் பக்கமாய்ப் போய் நின்றான். மூர்த்தி அண்ணை தக்காளிக் கன்றுக்குத் தண்ணி விட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணை, எப்படி உங்களால இப்படி நிம்மதியாய் இருக்க முடியுது?"

"பழக்கம்தான் தம்பி." கொட்டாவி விட்டார். "உங்கட ஷெட்டில ஏதோ புது மெஷினாம். அது என்னென்ன செய்யுமாம்?"

"எல்லாம் செய்யும் அண்ணை! புத்தகம் நானூறு பக்கம். இனித்தான் வாசிக்கவேணும்."

"வடிவாய் வாசியும். அவசரப்படாமல் வாசியும்" என்றார் அவர். பைப்பிலிருந்து தண்ணீர் அவருடைய காலிலேயே ஊற்றிக்கொண்டிருந்தது.

யசீகரன் அவசரமாகவே வாசித்தான். அந்த நானூறு பக்கத்துக்குள் எங்காவது, மெஷினுக்கு ஆளே தேவையில்லை என்று எழுதியிருக்கும் என்ற நம்பிக்கை. அரைவாசியைத் தாண்டிய ஒரு பக்கத்தில் அதைக் கண்டான். ஒரு பொத்தானை அமத்தினால் மெஷின் தன்னைத்தானே சோதிக்கும். தன்னையும் பெல்ற்றுகளையும் தானே கழுவித் தானே காயவைத்துக்கொள்ளும். முதலாளியைக் கூட்டிவந்து அமத்திக் காட்டினான். நாலு பக்கமும் தண்ணீர் சீறியது. மண்ணும் தோலும் கரைந்தோடின. அரை மணித்தியாலத்தில் பெல்ற்று பளபளவென்று கிடந்தது. முதலாளி வாய் திறந்தபடி நின்றார்.

"பாருங்கள், இதற்கு மனிதன் எதற்கு?" என்றான் யசீகரன் வெற்றியோடு.

"உண்மை" என்றார் முதலாளி. "எதற்கு?"

யசீகரனின் இதயம் துள்ளியது. பொழுது விடிந்தால் பகல் பன்னிரண்டரைவரை தூக்கம். சாரம். தேத்தண்ணி. வானம்.

ஆனால் முதலாளி வேறு கணக்குப் போட்டார். இரவில் வந்து ஷெட்டைக் கழுவுகிற கூட்டம் ஒன்று இருந்தது. வெளிக் கம்பனி ஒன்று வான் வண்டியில் ஏற்றிவந்து இறக்குகிற ஆட்கள். பகல் ஆட்கள் அவர்களைக் கண்டதே இல்லை. அந்த ஒப்பந்தத்தை முதலாளி நிறுத்தினார். மிச்சப்பட்டதில் யசீகரனின் சம்பளத்தை ஏற்றினார். கம்பனி வாகனம் ஒன்றும் கொடுத்தார், பெட்ரோலோடு. போதாததற்கு, உடம்பைப் பார்த்துக்கொள் என்று கிழமை நடுவில் ஒருநாள் சம்பள லீவும் தந்தார்.

அந்த வாகனத்தை வீட்டு வாசலில் நிறுத்தியபோது லோஜனா இரண்டு தரம் சுற்றி வந்து பார்த்தாள். மகள், "அப்பா, ஆர் யூ த பாஸ்?" என்று கேட்டாள். மூக்கைப் பொத்த மறந்துபோனாள்.

யசீகரன் அன்று தோல்வியை ஒப்புக்கொண்டான். யோசித்துப் பார்த்தால் அது அவ்வளவு மோசமான தோல்வியாகவும் தெரியவில்லை. வேலை போகவேண்டுமென்று இப்படிப் பாடுபட்டிருக்காவிட்டால் இன்றைக்கும் பெல்ற்றில் ஐந்தாவது ஆளாகத்தான் நின்றிருப்பான். இதற்கெல்லாம் காரணம் யார்? மூர்த்தி அண்ணையின் அந்த ஒரு கொட்டாவி. அவருக்கு நன்றி சொல்லவேண்டும்.

லீவு நாளில், காலை பத்து மணிக்கு, ஒரு சாக்கு வெங்காயத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனான். அவர் தூங்குவார், வெங்காயத்தை அவருடைய மனைவியிடம் கொடுத்துவிட்டு வருவோம் என்ற எண்ணம். ஆனால் கதவைத் திறந்தது மூர்த்தி அண்ணையேதான். முகம் வழித்து, சேட் அயர்ன் பண்ணிப் போட்டிருந்தார். கண்ணில் தூக்கத்தின் அடையாளமே இல்லை. பின்னால் அவருடைய மனைவி இராசமலர் அக்கா நின்றார். மேசையில் லாப்டொப் திறந்து கிடந்தது.

"அண்ணை! என்ன இவ்வளவு வெள்ளன எழும்பிட்டியள்?"

"நித்திரை வரேல்லை."

"நான் நன்றி சொல்ல வந்தனான். உங்களைப் பாத்துத்தான் நான் இவ்வளவும் செய்தனான் அண்ணை. எனக்கு இப்ப வாகனம், சம்பளம், எல்லாம்! அந்த மெஷின் இருக்கெல்லே, அது தன்னைத் தானே கழுவும். ஒருத்தருக்கும் தெரியாது, நான்தான் கண்டுபிடிச்சனான். இரவில கழுவ இனி ஒரு குருவியும் தேவையில்லை!"

மூர்த்தி அண்ணை அவனைக் கொஞ்சநேரம் பார்த்தார். கோபம் இல்லை. எஞ்சினியர் ஒருவர் இன்னொரு எஞ்சினியரைப் பார்க்கிற பார்வை.

"நானூறு பக்கத்தையும் வாசிச்சனீரோ?"

"ஓம் அண்ணை."

"கெட்டிக்காரன்" என்றார். உண்மையாகவே வியந்துதான் சொன்னார். பிறகு கண்ணாடி எடுக்கவேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"அண்ணை ஏன் ஒரு மாதிரி இருக்கிறார் அக்கா? பெனிஃபிட்டில ஏதும் பிரச்சினையோ?"

இராசமலர் அக்கா வெங்காயச் சாக்கை வாங்கிக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மெல்லமாய்க் கதையுங்கோ தம்பி, மூண்டு வருசமாய் உங்கட ஷெட்டை இரவில கழுவின மனிசன், பெனிஃபிட்டுக்கு இண்டைக்குத்தான் முதன்முதலாய் எழுதிப் போடப்போறார்."