நோர்வேத் தக்காளி

தக்காளிப் பாத்தியில் ஐஸைக் கொட்டியவன் நான்தான். ஆனால் நீர்வேலிப் பூனைகள் அத்தனையையும் நான் அழைக்கவில்லை.

"மீன்பெட்டி ஐஸை ஆராவது கண்டுக்குப் போடுவினமோ?" என்றாள் மனைவி சிவகௌரி. பூனைகள் கிளறிய பாத்தியில் ஒரேயொரு தக்காளிக் கன்றுதான் மிஞ்சியிருந்தது.

"பருத்தித்துறையிலை வேறை ஐஸ் கிடைக்கேல்லையப்பா."

விதை அனுப்பியவர் அவளுடைய தமையன், நோர்வேயில் இருக்கும் கதிரவேலு அத்தான். அங்கே பரம்பரையாக விதை எடுத்து வளர்க்கும் இனமாம், குளிருக்கென்றே பிறந்ததாம். தன் வீட்டு பல்கனியில் அது கொத்துக் கொத்தாய்க் காய்த்த படத்தையும் அனுப்பியிருந்தார்.

எங்கள் வெயிலில் பூத்தது. பூக்கப் பூக்கக் கொட்டியது. போனில் ஆசையாய்க் கேட்கிற மனிதரிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை.

"காய்ச்சுத் தொங்குது, அத்தான்!" என்றுவிட்டேன். "அங்கை உண்மையாவே உப்பிடித்தான் காய்க்குதோ?"

"நீ தண்ணியை விடு," என்பார் அவர். எத்தனை தரம் கேட்டாலும் அதே பதில்தான்.

இப்போது குடும்பத்தோடு வந்து யாழ்ப்பாணத்தில் நிற்கிறார். விடிந்தால் எங்கள் வீட்டில்.

"இஞ்சேருங்கோ, அண்ணை உதைப் பாக்கத்தானாம் வாறார். கோயில்கூடப் பிறகுதானாம். மனம் நொந்துபோவார்."

கன்றுக்குக் குளிரட்டும் என்று மேசைக் காற்றாடியை வைத்தேன். மிஞ்சிய நாலு பூவும் பறந்தன.

"நூல் பெட்டியை எடு," என்றேன்.

சந்தைத் தக்காளியில் திறமானதாகப் பார்த்து, வெள்ளை நூலால் கொப்புக் கொப்பாய்க் கட்டினேன். கன்று குனிந்தது. தடி நட்டு நிமிர்த்தினேன்.

மறுநாள் வந்த அத்தான் கன்றைக் கண்டதும் கண் கலங்கினார். "தங்கச்சி! எங்கடை மண்ணிலை என்ரை விதை!"

ஒன்றைப் பிடித்து இழுத்தார். கொப்பும் சேர்ந்து வந்தது.

"என்ன பிடிப்படா!" என்று வியந்தவர் கடித்துப் பார்த்தார். "அதே ருசி!"

அவர் அடுத்த வீட்டாருக்குக் காட்டப் பாதித் தக்காளியோடு வேலிக்கு ஓடினார். அவருடைய மகள் கஜானி மட்டும் கன்றருகே குந்தியிருந்து கொப்புகளை உற்றுப் பார்த்தாள். நான் குறுக்கே போய் நின்றேன்.

"பிள்ளை, ஒண்டு கேக்கட்டே? அங்கை உது உண்மையாவே காய்க்கிறதோ?"

கஜானி வேலிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இல்லை மாமா. ஆனா அப்பா பச்சை நூலாலைதான் கட்டுறவர். வெள்ளையெண்டால் படத்திலை தெரிஞ்சுபோம்."